வாசலில் ஒரு ரேடார்: வாசகர் கேள்வி–பதில்

கேமரா இல்லாமல், ரேடியோ அலையை மட்டும் கொண்டு ஆள் நுழைவதையும் வெளியேறுவதையும் அறிவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒரே கேள்வி போலத் தெரியும். உண்மையில் மூன்று வேறு வேலைகள் இதில் கலந்து கிடக்கின்றன: அறைக்குள் ஆள் இருக்கிறாரா, வாசலை யாராவது கடந்தார்களா (எந்தப் பக்கமாக), கடந்தவர் யார். கருவி வாங்கும் முன் இந்த மூன்றில் உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றுக்காகச் செய்த கருவி மற்றொன்றைச் செய்யாது.

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசிப்பு அறைக்கு ஒரே வாசல். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வெளியே பலகையில் காட்ட வேண்டும். கேமரா வேண்டாம் என்று வாசகிகள் சொல்லிவிட்டார்கள். ஆர்.சி.டபிள்யூ.எல். 0516 என்ற அசைவு உணரும் மாட்யூலை வாசல் மேல் வைத்துப் பார்த்தோம். ஒருவர் போனால் மூன்று முறை எண்ணுகிறது. சில நேரம் யாருமே இல்லாமலும் எண்ணுகிறது. என்ன செய்யலாம்?
— நூலகத் தன்னார்வலர், தஞ்சாவூர்

பதில்: அந்த மாட்யூலுக்கு எண்ணத் தெரியாது. ஏறத்தாழ 3.2 ஜிகாஹெர்ட்ஸ் அலையை வீசி, திரும்பி வருவதில் அசைவு தெரிந்தால் ‘அவுட்’ என்ற வெளியீட்டுக் காலை (பின்னை) இரண்டு விநாடி போல உயர்த்தி வைக்கும், அவ்வளவுதான். முன்பக்கம் பார்ப்பது போலவே பின்பக்கமும் பார்க்கும். சுவருக்கு அப்பால் தாழ்வாரத்தில் நடப்பவரையும் பிடிக்கும். வைஃபை சிப்பை ஒட்டி வைத்தால் அந்த அலையிலேயே தடுமாறும். நெருங்கி வருவதற்கும் விலகிப் போவதற்கும் அதனிடம் வித்தியாசம் இல்லை.

உங்களுக்குத் தேவை, ஆள் நிற்கும் இடத்தைச் சொல்லும் ரேடார். ஹைலிங்க் நிறுவனத்தின் எல்.டி. 2450 இந்த வேலைக்குப் பொருந்தும். 24 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும்; 6 மீட்டர் வரை, ஒரே நேரத்தில் 3 பேரைத் தொடரும். ஒவ்வொருவருக்கும் இடம்–வலம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்பதை மில்லிமீட்டரிலும், வேகத்தைச் சென்டிமீட்டரிலும் விநாடிக்குப் பத்து முறை அனுப்பும். பார்வை நடுக்கோட்டிலிருந்து இடம், வலம் இரு பக்கமும் 60 டிகிரி, மேலும் கீழும் 35 டிகிரி.

இத்துடன் இ.எஸ்.பி. 32 போர்டு (வைஃபை, புளூடூத் உள்ள, நிரல் எழுதக்கூடிய சிறு மின்பலகை) ஒன்று, 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் ஒன்று, பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். ரேடாரின் 5 வோல்ட்டை போர்டின் ‘விஐஎன்’ காலிலிருந்து எடுங்கள். கிரவுண்டை கிரவுண்டோடு இணையுங்கள். ரேடாரின் டிஎக்ஸ் (அனுப்பும் கால்) போர்டின் 16ஆம் காலுக்கும், ஆர்எக்ஸ் (பெறும் கால்) 17ஆம் காலுக்கும் போகட்டும். இரண்டு பக்கமும் 3.3 வோல்ட் சிக்னல் என்பதால் இடையில் எதுவும் வேண்டாம். சீரியல் வேகம் 2,56,000. வழக்கமான 1,15,200இல் திறந்துவிட்டு ‘குப்பை எழுத்து வருகிறது, மாட்யூல் கெட்டுவிட்டது’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது ரோவர் வகை போர்டு என்றால் 16, 17 கால்களை அதன் கூடுதல் நினைவகம் எடுத்துக்கொள்ளும்; வேறு கால்களுக்கு மாற்றுங்கள்.

வைக்கும் இடம்தான் பாதி வேலை. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், 3 முதல் 4 மீட்டர் தள்ளி, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். வாசல் நிலைக்கு மேல் வைத்தால் ஆள் அதன் பார்வையில் ஒரு கணம்தான் இருப்பார்; தடம் பிடிக்க நேரம் போதாது. எதிர்ச் சுவரில் இருந்தால் வருபவர் மூன்று நான்கு அடி எடுத்து வைப்பதை முழுதாகப் பார்க்கும்.

வாசல் 3,500 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,800 முதல் 3,300 வரை ‘வாசல் பட்டை’. 1,500 முதல் 2,300 வரை ‘உள் பட்டை’. நடுவே அரை மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத இடம். ஒரு தடம் முதலில் வாசல் பட்டையில் தோன்றி, பிறகு உள் பட்டைக்குள் வந்தால் ஒன்று கூட்டுங்கள். உள் பட்டையிலிருந்து வாசல் பட்டைக்குப் போய், அங்கிருந்து மறைந்தாலோ 3,500ஐத் தாண்டினாலோ ஒன்று கழியுங்கள். முதலிலேயே 3,500க்கு அப்பால் தோன்றி அங்கேயே மறைவது தாழ்வாரத்தில் போகிறவர், விட்டுவிடுங்கள். நடுவே ஒற்றைக் கோடு மட்டும் போட்டால் மீண்டும் மூன்று முறை எண்ணும். காரணம், ரேடாருக்கு மனிதர் ஒரு புள்ளி அல்ல. அலை ஒரு கணம் நெஞ்சிலிருந்தும் மறுகணம் தோள்பையிலிருந்தும் திரும்பும். கணக்கிட்ட இடம் 20–30 சென்டிமீட்டர் முன்னும் பின்னும் தாவும். கோட்டின் மேல் நின்று ஒருவர் செருப்பைக் கழற்றினால் போதும், எண்ணிக்கை ஏறி இறங்கும்.

இன்னொரு கண்ணி: ரேடார் தரும் 1, 2, 3 என்ற வரிசை எண் ஆளின் அடையாளம் அல்ல. ஒருவர் மறைந்ததும் அவர் இடத்தில் இன்னொருவர் உட்காரலாம். ஆகவே நிரலில் நீங்களே தடத்தைப் பின்னுங்கள். சாதாரண நடை விநாடிக்கு 1.2 மீட்டர் என்றால் இரண்டு பதிவுகளுக்கு நடுவே 12 சென்டிமீட்டர்தான் நகர முடியும். முந்தைய இடத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இருப்பதை மட்டும் அதே ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன தடத்தை ஒரு விநாடி உயிரோடு வைத்திருங்கள்.

எல்லை எங்கே என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடாரின் அலைவரிசை 24.00 முதல் 24.25 ஜிகாஹெர்ட்ஸ் வரை என்றால் அதன் அகலம் 250 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதன் இரு மடங்கால் வகுத்தால் 60 சென்டிமீட்டர். முன்பின்னாக அதைவிட நெருக்கமாக வரும் இருவர், தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒருவராகத்தான் தெரிவார்கள். இடுப்பில் குழந்தையோடு வரும் தாயும் ஒரு ஆள்தான். பள்ளி விட்டதும் ஐந்தாறு மாணவர்கள் ஒன்றாக நுழைந்தால் மூன்று பேருக்கு மேல் கணக்கே கிடையாது. வாசலுக்குள் மேசை ஒன்றை நகர்த்திப் போட்டு வழியை 80–90 சென்டிமீட்டராகக் குறுக்கினால் வரிசையாக வருவார்கள். அப்படியும் நெரிசல் என்றால் ரேடியோவை விட்டுவிட்டு, வாசலின் மேலிருந்து நேர்கீழே பார்க்கும் வி.எல். 53 எல்1எக்ஸ் லேசர் தூரமானிக்குப் போங்கள். 4 மீட்டர் வரை அளக்கும். அதன் பார்வையை இரு பாதியாகப் பிரித்து, எந்தப் பாதி முதலில் மறைகிறது என்று பார்த்தால் திசை கிடைத்துவிடும். அதுவும் படம் எடுக்காது.

கடைசியாக, பிழை சேரும் விதம். 1,000 பேர் நுழைந்து 1,000 பேர் வெளியேறுகிறார்கள்; நுழைவில் 3 சதவீதமும் வெளியேற்றத்தில் 2 சதவீதமும் தவறுகின்றன. 970க்கு எதிராக 980. காலியான அறைக்குப் பலகை ‘கழித்தல் 10’ என்று காட்டும். பிழை சிறிதா பெரிதா என்பதைவிட இரு பக்கமும் சமமா என்பது முக்கியம். பூட்டும் நேரத்தில் பூஜ்யமாக்குங்கள், பூஜ்யத்துக்குக் கீழே போக விடாதீர்கள், நூலகர் கைக்கு எட்டும் இடத்தில் கூட்டல்–கழித்தல் பொத்தான் இரண்டு வையுங்கள். பலகையைத் திறக்கும் முன் ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்து 200 கடப்புகளைக் கையால் எண்ணி, நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் தனித்தனியே ஒப்பிடுங்கள்.

கேள்வி: படுக்கை அறையில் ஆள் இருந்தால் மட்டும் விளக்கு எரியட்டும் என்று எல்.டி. 2410சி ரேடார் வைத்தேன். ஃபேன் ஓடும்வரை அறையில் யாரோ இருப்பதாகவே சொல்கிறது. சென்சிடிவிட்டி எண்ணைக் குறைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.
— வாசகர், வேலூர்

பதில்: எண்ணைக் குறைத்ததுதான் தவறு. இந்த ரேடாரில் அந்த எண் உணர்திறன் அல்ல, தாண்ட வேண்டிய உயரம். 0 முதல் 100 வரை அளக்கப்படும் எதிரொலி வலிமை அந்த எண்ணைத் தாண்டினால் ‘ஆள்’. எண்ணைக் கூட்டினால்தான் காது மந்தமாகும்.

2410 தூரத்தை 75 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கேட் என்று பெயர், 0 முதல் 8 வரை. ஒவ்வொரு கேட்டுக்கும் அசைவுக்கு ஓர் எண், அசையாத ஆளுக்கு ஓர் எண். ஹைலிங்கின் கைபேசிச் செயலியில் ‘இன்ஜினியரிங் மோட்’ போட்டால் கேட் வாரியாக வலிமை தெரியும். அறையைக் காலி செய்து, ஃபேனை ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொரு வேகத்திலும் மூன்று நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு கேட்டிலும் வந்த உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பத்து கூட்டி வையுங்கள். ஃபேன் நேர்க்கோட்டில் 2.6 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தத் தூரத்துக்குரிய கேட்டில்தான் அது கூத்தாடும்.

கட்டிலும் ஃபேனும் ஒரே தூரத்தில் இருந்தால் மட்டும் எந்த எண்ணும் கைகொடுக்காது. 2410க்குத் தூரம் தெரியும், திசை தெரியாது. அப்போது கருவியைத்தான் நகர்த்த வேண்டும். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தால் தூங்குபவர் ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிடுவார், ஃபேன் அதற்கு அப்பால் போய்விடும். கூடவே சாய்வு: கருவி 1 மீட்டர், ஃபேன் 2.6 மீட்டர் உயரம், இரண்டுக்கும் கிடைத்தூரம் 2 மீட்டர் என்றால் ஃபேன் 39 டிகிரி மேலே இருக்கிறது. கருவியை 25 டிகிரி கீழே சாய்த்தால் ஃபேன் 64 டிகிரியில், அதன் 60 டிகிரிப் பார்வைக்கு வெளியே போய்விடும். எதிரே இரும்பு பீரோ இருந்தால் அது கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி, ஃபேனை மறுபடி காட்டும். அந்தச் சுவரைப் பார்க்காமல் வையுங்கள். ஃபேன் காற்றில் ஆடும் ஜன்னல் திரையும் இதே தொல்லையைக் கொடுக்கும்.

பெட்டி செய்கிறவர்களுக்கு: 24 ஜிகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 12.5 மில்லிமீட்டர். ஆன்டெனாவுக்கும் மூடிக்கும் நடுவே அதன் பாதியான 6 மில்லிமீட்டர், அல்லது 12 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மூடி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வேண்டாம். உலோகப் பொடி கலந்த பெயின்ட் கூடவே கூடாது.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டாக இரண்டு இ.எஸ்.பி. 32 மட்டும் வைத்து, வைஃபை சிக்னலின் மாற்றத்தைக் கொண்டு வாசலைக் கடப்பவரைக் கண்டுபிடிக்க நினைக்கிறோம். சிக்னல் வலிமையைப் பார்த்தால் சும்மாவே ஆடுகிறது. சி.எஸ்.ஐ. என்கிறார்களே, அது உதவுமா?
— பொறியியல் மாணவிகள், கோயம்புத்தூர்

பதில்: உதவும். சிக்னல் வலிமை என்பது முழு அலைக்கும் சேர்த்து ஒரே எண். சி.எஸ்.ஐ. என்பது அதே அலையைத் துணை அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வரும் வழியில் எவ்வளவு மங்கியது, எவ்வளவு பிந்தியது என்று சொல்வது. 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபையில் 64 துணை அலைகள். நீர் நிறைந்த மனித உடல் குறுக்கே வரும்போது எல்லாம் ஒரே மாதிரி மாறுவதில்லை. அந்த வேற்றுமைதான் உங்கள் தகவல்.

வாசலின் இருபுறமும் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், 3 மீட்டர் இடைவெளியில் போர்டுகளை வையுங்கள். ஒன்று விநாடிக்கு 100 பாக்கெட் அனுப்பட்டும். வீட்டு ரவுட்டர் தன்னை அறிவிக்க அனுப்பும் பீக்கனையே நம்பலாமா என்றால், அது 102.4 மில்லிவிநாடிக்கு ஒன்று. நடப்பவரைப் பிடிக்கப் போதாது. ரவுட்டரைப் பயன்படுத்துவதானால் அதற்கு விடாமல் பிங் அனுப்பி, வரும் பதிலில் சி.எஸ்.ஐ. எடுங்கள். ஒவ்வொரு துணை அலைக்கும் இரண்டு பைட் வரும். கற்பனைப் பகுதி முதலில், மெய்ப் பகுதி அடுத்து. வீச்சை (அலையின் அளவை) மட்டும் எடுத்தால் வரிசை மாறினாலும் தெரியாது. கட்டத்தை (அலை எவ்வளவு பிந்தியது என்பதை) எடுக்கும்போது தவறிவிடும். எழுத்தாக அனுப்பினால் ஒரு வரி 500 பைட் அளவுக்கு வரும். நூறு வரி என்றால் விநாடிக்கு 50,000 பைட். 1,15,200 வேகத்தில் அது அடங்காது. பெரும்பாலான வரிகள் காணாமல் போகும். 9,21,600 வையுங்கள்.

கணக்கு இப்படி. தகவல் ஏற்றாத துணை அலைகளை நீக்குங்கள். மீதிக்கு வீச்சு கண்டுபிடித்து, அந்தப் பாக்கெட்டின் சராசரி வீச்சால் வகுங்கள். ரிசீவர் தானே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் வரும் துள்ளல் இதில் அடங்கிவிடும். பிறகு ஒரு விநாடி ஜன்னலில் விலக்கத்தைக் கணக்கிடுங்கள். யாரும் இல்லாமல் ஐந்து நிமிடம் பதிவு செய்து, அதன் சராசரிக்கு மேல் நான்கு திட்டவிலக்கத்தை எல்லையாக வையுங்கள். கட்டத்தைக் கச்சாவாகப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு போர்டுகளின் கடிகாரமும் தனித்தனி, கட்டம் தன்போக்கில் சுற்றும்.

திசை வேண்டுமென்றால் ஒரு இணைப்பு போதாது, இரண்டு வேண்டும். எவ்வளவு தள்ளி? 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். 3 மீட்டர் இணைப்பின் நடுவில் முதல் ஃப்ரெனல் வளையத்தின் ஆரம் சுமார் 31 சென்டிமீட்டர். அந்த வளையத்துக்குள் உடல் வந்தாலே அலை மாறத் தொடங்கும். ஆகவே 62 சென்டிமீட்டருக்குக் குறைவாக வைத்தால் இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் மாறும். 80 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், எது முதலில் மாறியது என்பது தெளிவாகப் பிரியும். இரண்டையும் வேறு வேறு சேனலில், 1இலும் 11இலும் ஓட்டுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெஷின் லேர்னிங் சேர்க்கும்போது, ஒரே நடையிலிருந்து வெட்டிய ஜன்னல்களைக் கலைத்துப் போட்டு, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் எடுத்தால் 99 சதவீதம் வரும். அது பொய் எண். மாடல் அந்த நாளின் அறையை மனப்பாடம் செய்திருக்கிறது. திங்களன்று பதிவு செய்ததில் பயிற்சி கொடுத்து, வியாழனன்று, நாற்காலிகளை மாற்றிப் போட்டு, வேறு ஆட்களை நடக்கவிட்டுச் சோதியுங்கள். வரும் எண் சரியும். சரிந்த அந்த எண்ணைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும், ஏன் சரிந்தது என்பதோடு.

கேள்வி: கடைக்கு வருபவர்களின் செல்போன் வைஃபையை வைத்து எத்தனை வாடிக்கையாளர் வந்தார்கள் என்று எண்ணலாம் என ஒருவர் கருவி விற்க வந்தார். வாங்கலாமா?
— ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: எண்ணிக்கைக்காக வாங்க வேண்டாம். வைஃபை இணைப்பு தேடும்போது போன் தன் மேக் முகவரியை (கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) சொல்லும். அதைக் கேட்டு எண்ணுவதுதான் அந்தக் கருவி. ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8இலேயே தேடும்போது போலி முகவரி சொல்லும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முகவரி மாற்றுவதையே இயல்பான நிலையாக்கியது. முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தயாரிப்பாளர் கொடுத்த நிலையான எண் அல்ல. கருவியின் பதிவை வாங்கி அந்த எழுத்தை மட்டும் பாருங்கள், நிலவரம் புரிந்துவிடும். ஒரே போன் பல முகவரியாக வரும். திரை அணைந்து பையில் கிடக்கும் போன் வெகுநேரம் வாயே திறக்காது. தெருவில் பஸ்ஸுக்கு நிற்பவரின் போனும் கணக்கில் சேரும். புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தால் பாட்டியிடம் போன் இல்லை, மகனிடம் இரண்டு.

வாடிக்கையாளரின் கருவி எண்ணைச் சேர்த்து வைப்பது அவரைப் பற்றிய தகவலைச் சேர்ப்பதும்கூட; 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்துத்தான் இதில் இறங்க வேண்டும். வாசல் மேல் லேசர் தூரமானி வைத்தால் யார் என்றே தெரியாமல் எண்ணிக்கை மட்டும் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். இரவில் கதவைத் திறந்து தெருவுக்குப் போய்விடுகிறார். கேமரா வைக்க மனம் வரவில்லை. அவர் வெளியே போனால் மட்டும் எங்களை எழுப்பும்படி ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: முடியும். முதல் வேலை ரேடியோ அல்ல: கதவிலும் நிலையிலும் ஒரு காந்த சுவிட்ச். இருப்பதிலேயே மலிவு, இருப்பதிலேயே உறுதி. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை கதவு திறந்தாலே உங்கள் தலைமாட்டில் மணி அடிக்கட்டும். இன்றே இதை மட்டும் வைத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு சேர்க்கலாம். கதவை வெளியே பூட்டி வைப்பது மட்டும் வேண்டாம், தீ விபத்து என்றால் அவரால் வெளியே வர முடியாது.

சுவிட்ச்சை இ.எஸ்.பி. 32இல் 34 முதல் 39 வரையுள்ள கால்களில் இணைக்காதீர்கள். அவற்றுக்கு உள்ளே புல்–அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது காலை உயர்நிலையில் நிறுத்தும் ரெசிஸ்டர்) கிடையாது, மணி தானாக அடிக்கும். 25, 26, 27 போன்ற காலைப் பயன்படுத்துங்கள். 50 மில்லிவிநாடிக்குக் குறைவான துள்ளலை விட்டுவிடச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து வீட்டார் வரும்போதும் மணி அடித்தால் நாலு நாளில் எரிச்சலாகி அணைத்துவிடுவீர்கள். அதற்குத்தான் ரேடார். ஒரு 2410சியைக் கதவை ஒட்டிய சுவரில், கூடத்தைப் பார்த்து வையுங்கள். மரக்கதவு வழியாக அலை போய்விடும் என்பதால் கதவைப் பார்த்து வைத்தால் வெளியே நிற்பவரும் தெரிவார். கூடத்தைப் பார்த்தால் வெளியே நிற்பவர் அதன் முதுகுப் பக்கம். ரேடாரின் தூரத் துண்டுகளில் 2ஆம் கேட் வரை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். கதவு திறப்பதற்கு முந்தைய ஐந்து விநாடியில் உள்ளே அசைவு இருந்தால் வெளியேற்றம், இல்லாவிட்டால் வருகை.

போனது அம்மாவா வேறு யாருமா என்று தெரிய, அவர் உடையில் ஒரு சிறு பையைத் தைத்து புளூடூத் டேக் ஒன்றை வையுங்கள். விநாடிக்கு ஒருமுறை கூப்பிடும்படி அமைத்தால் சி.ஆர். 2032 பட்டன் பாட்டரி ஓராண்டு அளவுக்கு வரும். முகவரி மாறாத டேக்காகப் பார்த்து வாங்குங்கள். போனை டேக்காகப் பயன்படுத்த முடியாது, கால் மணிக்கு ஒருமுறை போல அதன் முகவரி மாறும். சிக்னல் வலிமையைத் தூரமாக மாற்றும் கணக்கை நம்பாதீர்கள். அவர் திரும்பி நின்றாலே உடல் மறைத்துப் பத்து டெசிபல் விழும். படுக்கை அறையில் ஒரு கேட்கும் போர்டு, வீட்டின் வெளி வாயிற்கதவுப் பக்கம் இன்னொன்று வைத்து, எங்கே வலிமை அதிகம் என்று ஒப்பிடுங்கள். பத்து அளவுகளின் நடு எண்ணை எடுங்கள். கதவு திறந்த பின் வெளி வாயிற்கதவுப் பக்கம் வலிமை கூடினாலோ, 30 விநாடி எங்குமே கேட்கவில்லை என்றாலோ பெரிய மணி. வைஃபையும் புளூடூத்தும் அந்த போர்டில் ஒரே ரேடியோவைப் பகிர்வதால் நடுநடுவே சில அழைப்புகள் தவறும். 30 விநாடி என்று வைப்பது அதனால்தான்.

டேக் கழன்று கிடக்கலாம், பாட்டரி தீரலாம். ஆகவே டேக் கேட்கவில்லை என்பதை ‘அம்மா உள்ளே இருக்கிறார்’ என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவில் கதவு திறந்து டேக் நிலை தெரியவில்லை என்றால் மணி அடித்தே ஆக வேண்டும். இணையத்தை நம்பாமல், போர்டிலிருந்து போர்டுக்கு நேராகச் செய்தி போகும்படி அமைத்து மணியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கரன்ட் போனாலும் ஓட ஒரு சிறு யு.பி.எஸ். அவசியம். சில பவர் பேங்க்குகள் குறைந்த மின்னோட்டத்தில் தானே அணைந்துவிடும். ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுச் சோதித்த பிறகு நம்புங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு வைஃபையால் சுவர் தாண்டி எங்களைப் பார்க்க முடியும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
— குடும்பத்தலைவி, சென்னை

பதில்: படமாகப் பார்ப்பது முடியாது. அசைவு இருக்கிறதா என்று அறிவது முடியும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டினா கதாபியும் ஃபடேல் அடிபும் 2013இலேயே வைஃபை அலையால் சுவருக்கு அப்பால் நடப்பவரை அறிந்து காட்டினார்கள். அலை கொண்டு உணர்வதை வைஃபையின் விதிக்குள்ளேயே சேர்க்கும் 802.11பிஎஃப் என்ற தரமும் வந்துவிட்டது. ஆனால் இரண்டு பொருளைத் தூரத்தால் பிரித்தறியும் எல்லைக்கு, நூலகக் கேள்வியில் சொன்ன அதே வகுத்தலைச் செய்து பாருங்கள்: 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 7.5 மீட்டர், 160 மெகாஹெர்ட்ஸுக்கு 94 சென்டிமீட்டர். இதில் முகமும் உடையும் தெரியாது. பயப்பட வேண்டிய இடம் வேறு: ‘வீட்டில் யாரும் இல்லை’ என்பதே ஒருவருக்குப் பயனுள்ள தகவல். உங்கள் ரவுட்டர் அலை வாசலுக்கு வெளியே எவ்வளவு கசிகிறது என்று போனில் பாருங்கள். ரவுட்டரைத் தெருச்சுவர் ஓரத்திலிருந்து வீட்டின் நடுவுக்கு மாற்றி, அனுப்பும் திறனை ஒரு படி குறைத்தால் கசிவு நன்றாகக் குறையும்.

கேள்வி: ஆடை ஆலையில் அடையாள அட்டையில் யு.எச்.எஃப். டேக் (தொலைவிலிருந்தே ரேடியோ அலையால் படிக்கும் சிப்) வைத்து நுழைவு–வெளியேற்றம் பதிகிறோம். பலருக்குப் பதிவே ஆவதில்லை.
— மனிதவளப் பிரிவு, திருப்பூர்

பதில்: அட்டை நெஞ்சோடு ஒட்டித் தொங்குகிறதா? உடலை ஒட்டினால் டேக்கின் ஆன்டெனா இசைவு கெட்டு, மீட்டர் கணக்கில் எட்டிய தூரம் சில சென்டிமீட்டருக்கு வந்துவிடும். அட்டைக்கும் உடலுக்கும் நடுவே அரை அங்குல ஃபோம் தாள் வைத்த உறை கொடுத்துப் பாருங்கள். ஆன்டெனாவைத் தலைக்கு மேலே மட்டும் வைக்காமல் நெஞ்சு உயரத்தில் இருபுறமும், வட்டத் துருவ வகையாக (அட்டை எப்படித் திரும்பியிருந்தாலும் படிக்கும் வகை) வையுங்கள். ரீடரின் அலைவரிசை அமைப்பையும் சரிபாருங்கள்: இந்தியாவுக்கு உரியது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 902–928இல் அமைந்த அமெரிக்க ரீடர் இங்கே சட்டப்படியும் செல்லாது. திசைக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு ஆன்டெனா. ஒவ்வொன்றிலும் வலிமை உச்சம் தொட்ட நேரத்தை ஒப்பிடுங்கள். முதலில் தெரிந்த நேரத்தை ஒப்பிட்டால் இரும்பு ஷட்டரில் பட்டுத் திரும்பும் அலை ஏமாற்றும். பதிவாகாதவரின் கூலி பிடிக்கப்படும் நிலை இருந்தால், முதலில் அதை நிறுத்திவைத்து, கையெழுத்துப் பதிவேட்டையும் கூடவே நடத்துங்கள். அலை தவறவிட்டதற்குத் தொழிலாளி பொறுப்பில்லை.

கேள்வி: ரேடாரும் இ.எஸ்.பி. போர்டும் மணிக்கொருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகின்றன. நிரலில் பிழை தெரியவில்லை.
— வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் மின்சாரம்தான். ரேடாரை 3.3 வோல்ட் காலில் மாட்டியிருந்தால் 5 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். வைஃபை அனுப்பும் கணத்தில் போர்டு 300 மில்லிஆம்பியருக்கு மேலும் இழுக்கும். மெல்லிய, நீளமான யு.எஸ்.பி. வயரில் வோல்டேஜ் அந்தக் கணத்தில் இறங்கிவிடும். வயரை ஒரு மீட்டருக்குள் சுருக்கி, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போர்டை ஒட்டியே சாலிடர் செய்யுங்கள். நீளமான கால் 5 வோல்ட் பக்கம்.